பிஞ்சு மூளை மாநாட்டுக்குப் போய்வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநாட்டிலிருந்து ஊர் திரும்பிய மறுநாள் இரவு. வெளியூரிலிருந்து ஆம்புலன்ஸில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பிறந்து நாலு மணி நேரம். பிறந்ததும் அழவில்லை, பை வைத்து மூச்சு கொடுத்திருக்கிறார்கள். கைகால் துவண்டு கிடந்தது. முந்தின நாள்தான், இப்படி மூச்சுத் தடைப்பட்டுப் பிறக்கும் குழந்தையின் மூளையைக் காக்க உடலைக் குளிர்விக்கும் 'குளிரூட்டும் சிகிச்சை'யைப் பற்றி ஒரு முழு அமர்வு உட்கார்ந்து கேட்டிருந்தேன். ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய் 72 மணி நேரம் அங்கேயே நிறுத்த வேண்டும். எல்லாம் மனப்பாடம். தடுப்பூசிப் பெட்டியில் வைக்கும் ஜெல் பைகளை எடுத்துவரச் சொன்னேன். துணி சுற்றி இரண்டு பக்கமும் வைத்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து சிஸ்டர் கூப்பிட்டார். "மேடம், 31.6 காட்டுது." இதயத்துடிப்பும் 80க்கு இறங்கியிருந்தது. பைகளை எடுத்துவிட்டு, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினோம். விடியும்வரை யாரும் உட்காரவில்லை. குழந்தை பிழைத்தது. ஆனால் அன்று நான் செய்தது அரைகுறை வேலை. மேடையில் பேசியவரின் மருத்துவமனையில், குழந்தையின் உடல்சூட்டைப் பார்த்து மெத்தைக்குள் ஓடும் நீரின் சூட்டை இயந்திரமே கூட்டும், குறைக்கும். அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டுதான் உட்காருகிறேன்: எந்தக் குழந்தை? மேடையில் சொல்லப்படும் முடிவு எந்த ஊரில், எந்த வாரத்தில் பிறந்த, எப்படி அடிபட்ட குழந்தையிடம் கிடைத்தது என்று கேட்காமல் எழுந்து வருவதுதான் இந்தத் துறையில் பெரிய தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை. பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை செய்யும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள், இப்போது நேரலையில் இந்த உரைகளைப் பார்க்கும் பெற்றோர், எல்லோரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ஊர் என்று கேட்காதது

குளிரூட்டும் சிகிச்சையின் கதையையே எடுத்துக்கொள்வோம். பிரசவத்தின்போது ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் தடைப்பட்டால் மூளைக்கு அடி உடனே முழுதாக விழுந்துவிடுவதில்லை. உயிர்ப்பித்த பிறகு சில மணி நேரம் மூளை தேறியதுபோல் இருக்கும். அப்புறம் செல்களின் ஆற்றல் மறுபடி சரியும். இந்த இரண்டாவது சரிவை 1980களில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் குழுவினர் குழந்தைகளின் மூளையிலேயே அளந்து காட்டினார்கள். நடுவே கிடைக்கும் அந்தச் சில மணி நேரம்தான் நமக்கு வாசல். 'ஆறு மணி நேரத்துக்குள்' என்ற விதி அங்கிருந்துதான் வந்தது.

2005இல் அமெரிக்காவில் 208 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. குளிரூட்டப்பட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு இறப்போ மோசமான இயலாமையோ நேர்ந்தது. குளிரூட்டப்படாதவர்களில் அது 62 சதவீதம். 2013இல் 11 ஆய்வுகளையும் 1,505 குழந்தைகளையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் உறுதியானது. ஏழு குழந்தைகளைக் குளிரூட்டினால் ஒரு குழந்தை இறப்பிலிருந்தோ மோசமான இயலாமையிலிருந்தோ தப்பும் என்ற கணக்கு. பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு நல்ல செய்தி அடிக்கடி வராது. அந்த நாட்களில் அரங்குகளில் இருந்த உற்சாகத்தை நானும் அனுபவித்திருக்கிறேன்.

2021இல் ஹெலிக்ஸ் ஆய்வு வந்தது. லண்டன் இம்பீரியல் காலேஜைச் சேர்ந்த சுதின் தய்யிலின் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடத்தியது. சென்னை எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனையும் மகப்பேறு மருத்துவமனையும் அதில் பங்கெடுத்தன. ஐஸ் பையை வைத்து நடத்திய ஆய்வு இல்லை இது. முறையான இயந்திரம், முறையான தீவிர சிகிச்சைப் பிரிவு. முடிவு என்ன? குளிரூட்டப்பட்டவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள். குளிரூட்டப்படாதவர்களில் 31 சதவீதம்.

அந்த எண்களை முதலில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதே சிகிச்சை, அதே 33.5 டிகிரி, அதே 72 மணி நேரம். ஒரு பக்கம் உயிரைக் காத்தது, இன்னொரு பக்கம் உயிர் போவது கூடியது.

ஏன் என்பதற்கு இன்னும் முழுப் பதில் இல்லை. ஹெலிக்ஸ் குழுவினர் முன்வைக்கும் ஒரு விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தொப்புள் கொடி நழுவுவது, கருப்பை கிழிவது போன்ற திடீர் விபத்தில் அடிபடும் குழந்தை வேறு. வலி தொடங்கி மணிக்கணக்கில் இழுத்து, ஒவ்வொரு சுருக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் குறைந்து அடிபடும் குழந்தை வேறு. இரண்டாவது வகையில் நாம் கையில் வாங்கும்போதே அந்த ஆறு மணி நேர வாசல் மூடியிருக்கலாம். அப்படியானால் குளிர் மூளையைக் காப்பாற்றாது, உடலுக்குக் கொடுக்கும் கஷ்டம் மட்டும் மிஞ்சும். இதற்கு மாறாக, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், குறிப்பிட்ட சூட்டில் உருகும் பொருளாலான மெத்தையை வைத்துக் குளிரூட்டி 50 குழந்தைகளிடம் நடத்திய சிறிய ஆய்வில் எம்.ஆர்.ஐ. படங்கள் நல்ல சேதி சொல்லின. ஆகவே "நம் நாட்டில் கூலிங்கே கூடாது" என்று ஒரே போடாகப் போடுவதும் தவறுதான். படம் நன்றாக இருந்ததா, குழந்தை பிழைத்ததா, எத்தனை பேரிடம் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அடிபட்ட மூளையைக் காப்பாற்றுவது பற்றிய அமர்வென்றால் நிற்க இடம் இருக்காது. பிரசவ அறையில் குழந்தையின் இதயத்துடிப்பை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது, வலியூக்கி மருந்தை எப்போது நிறுத்துவது என்று ஒருவர் பேசினால் பாதி நாற்காலி காலி. மகப்பேறு மருத்துவர்களை நாம் அழைப்பதும் இல்லை. இத்தனைக்கும் இந்தத் துறையின் நல்ல வெற்றிகளில் ஒன்று அவர்கள் கையில்தான் இருக்கிறது. குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு மக்னீசியம் சல்பேட் ஏற்றினால், பிழைக்கும் குழந்தைகளிடம் மிதமான அல்லது கடுமையான பெருமூளை வாதம் (மூளை பாதித்ததால் கைகால் அசைவில் வரும் குறைபாடு) 3.5 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதத்துக்குக் குறைந்தது என்று 2008இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. விலை குறைந்த மருந்து, எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் இருப்பது.

'இறப்பு அல்லது இயலாமை' என்ற ஒரே கூடை

ஹெலிக்ஸ் ஸ்லைடில் முதலில் காட்டப்படும் எண் இறப்பு எண் இல்லை. 'இறப்பு அல்லது மிதமான, கடுமையான இயலாமை' என்று இரண்டையும் சேர்த்துத்தான் முதன்மை முடிவாக வைத்திருந்தார்கள். அதில் 50 சதவீதமும் 47 சதவீதமும். வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடலாம். ஆனால் அந்தக் கூடைக்குள் 42ம் 31ம் ஒளிந்திருக்கின்றன.

இப்படிச் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இறந்த குழந்தைக்கு இயலாமையைச் சோதிக்க முடியாது. இயலாமையை மட்டும் எண்ணினால் அதிகம் பேர் இறந்த பக்கம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் சேர்க்கிறார்கள், சரி. கேட்கும் நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்துக்குக் குழந்தை இறப்பதும், காலுக்குத் தாங்குகருவி போட்டுக்கொண்டு குழந்தை பள்ளிக்கூடம் போவதும் ஒன்றல்ல. எந்தத் தாயிடமும் அதை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. கேள்வி நேரத்தில் எழுந்து "இறப்பை மட்டும் தனியாகச் சொல்லுங்கள்" என்று கேட்பதற்குத் தயங்காதீர்கள். அடிப்படைக் கேள்வி என்று நினைத்துக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கும் உண்டு. அரங்கில் பாதிப் பேர் அதே கேள்வியைத்தான் மனதில் வைத்திருப்பார்கள்.

எலிக்குட்டியைக் குழந்தை என்று நினைப்பது

வளரும் மூளை பற்றிய கூட்டங்களில் பாதி நேரம் விலங்கு ஆய்வுகள்தான். அது தேவை. குளிரூட்டும் சிகிச்சையே செம்மறிக் கருக்களிடமும் பன்றிக்குட்டிகளிடமும் சோதித்துத்தான் குழந்தையிடம் வந்தது. ஆனால் மிக அதிகம் பயன்படும் மாதிரி என்ன என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். 1981இல் ரைஸ், வனூச்சி ஆகியோரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கியது அது. பிறந்து ஏழு நாளான எலிக்குட்டியின் கழுத்தில் ஒரு பக்கத்து ரத்தக் குழாயைக் கட்டிவிட்டு, 8 சதவீத ஆக்சிஜன் மட்டுமே உள்ள காற்றில் வைப்பார்கள். மூளையின் ஒரு பாதி அடிபடும், மறு பாதி ஒப்பீட்டுக்கு நிற்கும். வனூச்சி வேலை செய்த ஹெர்ஷி, பென்சில்வேனியாவில் உள்ள சிற்றூர். வளரும் மூளையின் காயங்களுக்கென்றே நடக்கும் சிறிய சர்வதேச மாநாடு ஒன்று இன்றும் அந்த ஊரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஏழு நாள் எலியின் மூளை, நிறைமாதக் குழந்தையின் மூளைக்குச் சமம் இல்லை. குறைமாதத்தின் கடைசி வாரங்களை ஒத்தது என்பதுதான் பரவலான கருத்து. அந்தக் குட்டிக்கு மருந்தைக் காயம் விழுந்த நிமிடத்திலேயே கொடுக்க முடியும், சில ஆய்வுகளில் முன்கூட்டியே கூட. நம் குழந்தை இன்னொரு ஊரிலிருந்து வர வேண்டும். குட்டிக்குத் தாயின் காய்ச்சலோ கிருமித்தொற்றோ சேர்ந்திருக்காது. இத்தனையும் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு, ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டத் தரப்படும் எரித்ரோபாய்டின் ஓர் உதாரணம். விலங்குகளிடம் மிக நன்றாக வேலை செய்த மருந்து. குளிரூட்டலோடு சேர்த்து அமெரிக்காவில் 500 குழந்தைகளுக்கு அதையோ போலி மருந்தையோ கொடுத்துப் பார்த்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்போ நரம்பு வளர்ச்சிக் குறைபாடோ மருந்து பெற்றவர்களில் 52.5 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 49.5 சதவீதம். பலன் இல்லை, தீவிரமான பக்க விளைவுகள் மட்டும் கொஞ்சம் கூடுதல். செனான் வாயுவிலும் பிரிட்டனில் இதே ஏமாற்றம்தான்.

அந்த முடிவு வருவதற்கு முன்பே, மாநாட்டில் எலி ஆய்வைக் கேட்டுவிட்டு வந்து எரித்ரோபாய்டின் எழுதிக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல மனதோடுதான் செய்தார்கள்.

வலிப்பு மருந்திலும் இது நடந்தது. பழைய ஃபினோபார்பிட்டோன் வளரும் மூளைக்குக் கெடுதல் என்று எலிகளில் பார்த்ததை வைத்து, லெவடிரசெட்டாம் பக்கம் பலர் சாய்ந்தார்கள். 2020இல் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு வந்தது. 24 மணி நேரம் வலிப்பில்லாமல் இருந்தவர்கள் ஃபினோபார்பிட்டோனில் 80 சதவீதம், லெவடிரசெட்டாமில் 28 சதவீதம். அதிலும் ஒரு முக்கியமான விஷயம், வலிப்பைக் கண்ணால் பார்த்து எண்ணவில்லை, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி. வைத்து எண்ணினார்கள். பச்சிளங்குழந்தைக்கு வலிப்பு பல நேரம் வெளியே தெரியாது. மருந்து கொடுத்ததும் கைகால் அசைவு நின்றுவிடும், மூளைக்குள் மின்னோட்டம் தொடரும். 'வலிப்பு நின்றது' என்று ஒரு ஸ்லைடு சொன்னால், யார் பார்த்து, எதை வைத்து என்று கேளுங்கள்.

"பிறந்ததும் அழலை" என்பதோடு நிறுத்திக்கொள்வது

வளர்ச்சி தாமதமான எந்தக் குழந்தையின் கதையையும் நம் ஊரில் இந்த ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மருத்துவக் கூட்டங்களிலும் நோயாளியின் விவரம் பாதி நேரம் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்த வரிக்கு வயது 160க்கு மேல். 1861 அக்டோபரில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை மருத்துவர் லண்டன் மகப்பேறு சங்கத்தின் கூட்டத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். கடினமான பிரசவம், குறைமாதம், மூச்சுத்திணறல் ஆகியவற்றைப் பிற்காலத்தில் வரும் கைகால் இறுக்கத்தோடு முதன்முதலில் தெளிவாகச் சேர்த்துக் காட்டியது அந்தக் கூட்டம்தான். (லிட்டிலுக்கே சிறுவயதில் போலியோவால் ஒரு பாதம் வளைந்திருந்தது. மற்றவர்கள் பார்க்காததை அவர் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.) 1897இல் சிக்மண்ட் ஃபிராய்டு, ஆமாம் அதே ஃபிராய்டுதான், வேறொரு சந்தேகத்தை எழுப்பினார். கருவிலேயே ஏதோ கோளாறு இருந்திருக்கலாம், பிரசவம் கடினமானதே அதன் அறிகுறியாக இருக்கலாம் என்றார். அவரைக் கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை.

அமெரிக்காவில் சுமார் 49,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து நெல்சன், எலன்பெர்க் இருவரும் 1981இல் எழுதியதைப் படித்தால் ஃபிராய்டு சொன்னதில் எவ்வளவு இருந்தது என்று தெரியும். பெருமூளை வாதம் வந்த குழந்தைகளில் 73 சதவீதம் பேருக்கு ஐந்தாவது நிமிட ஆப்கார் எண் (பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண்) 7 அல்லது அதற்கு மேல், அதாவது நல்ல எண். அந்த எண்ணை 1952இல் ஒரு மயக்கவியல் மாநாட்டில் அறிமுகப்படுத்திய வர்ஜீனியா ஆப்கார், பிறந்த குழந்தைக்கு உடனே உதவி வேண்டுமா என்று பார்க்கத்தான் அதை வகுத்தார். பத்து வருடம் கழித்துக் குழந்தை எப்படி இருக்கும் என்று சொல்ல வகுக்கவில்லை.

இதை அறிவதால் யாருக்கு என்ன? 'அழலை' என்று முடித்துவிட்டால், தொற்றா, பக்கவாதமா, வளர்சிதை மாற்றக் கோளாறா, மரபணுவா என்று தேடுவதை நிறுத்திவிடுகிறோம். அடுத்த குழந்தைக்கும் வரக்கூடிய ஒன்றை அங்கேயே தவற விடுகிறோம். இன்னொன்றும் இருக்கிறது. "நான் சரியா முக்கலையாம்மா, அதனாலயா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். ஆறு வருடமாக அதை மனதில் வைத்திருந்தவர் அவர்.

படம், சுருக்கம், போன்

இவை சின்ன விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போஸ்டரில் பார்த்த ஆய்வுச் சுருக்கத்தை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாநாடுகளில் சுருக்கமாக வரும் ஆய்வுகளில் நூற்றுக்கு 37 போலத்தான் முழுக் கட்டுரையாக வெளிவருகின்றன என்று ஒரு பெரிய தொகுப்பு சொல்கிறது. குறைமாதக் குழந்தையின் முதல் வார ஸ்கேன் நன்றாக இருந்ததை வைத்து 'மூளை நார்மல்' என்று முடிக்காதீர்கள். மூளையின் வெண்பொருளில் நீர்க்கட்டிகள் தெரியவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். அதேபோல் மூளையில் ரத்தக்கசிவு என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். 1978இலிருந்து அதற்கு நாலு நிலைகள் இருக்கின்றன. முதல் நிலைக்கும் நாலாவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஸ்லைடை போனில் படம் எடுக்கும் முன் மூலையைப் பாருங்கள். ஒருமுறை திரையில் ஓடிய எம்.ஆர்.ஐ. படத்தின் ஓரத்தில் தாயின் பெயரும் நோயாளி எண்ணும் அப்படியே இருந்தன. அரங்கு முழுக்க போன்கள் உயர்ந்திருந்தன. அந்த அம்மா எங்கள் பக்கத்து மாவட்டம்.

வயதை எண்ணத் தவறுவது, பாதியில் விடுவது

28 வாரத்தில் பிறந்த குழந்தை ஆறு மாதத்தில் உட்காரவில்லை என்று ஒரு போஸ்டர் கவலைப்பட்டது. 12 வாரம் முன்னால் வந்த குழந்தைக்கு அந்த மூன்று மாதத்தைக் கழிக்க வேண்டும். கழித்தால் அது மூன்று மாதக் குழந்தை. ஆறு மாதக் கணக்கை எதிர்பார்த்துப் பெற்றோரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. அதே சமயம் 'போகப்போகச் சரியாகும்' என்று ஒரு வருடம் உட்கார்ந்திருப்பதும் இப்போது ஏற்கக்கூடியது இல்லை. திருத்திய வயதில் மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சின்னச் சின்னதாக ஓடிக்கொண்டே இருக்கும் துறுதுறுப்பு வந்துவிட வேண்டும். அது வரவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள்ளேயே பெருமூளை வாதத்தின் ஆபத்தைக் கண்டுபிடித்துப் பயிற்சி தொடங்கலாம். அதற்கு வேண்டியது ஒரு பாய், நல்ல வெளிச்சம், சில நிமிட வீடியோ, பார்க்கத் தெரிந்த கண்.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! ஐந்தாம் மாதத்துச் செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. தலை நின்றதா, கை தாங்குகிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா என்று நாங்கள் தொடர் கவனிப்புப் பிரிவில் தேடுவதும் அதைத்தான்.

அங்கேதான் ஆய்வுகள் பல தடுக்கி விழுகின்றன. நூறு குழந்தைகளைச் சேர்த்தோம், 18 மாதத்தில் 60 பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று ஸ்லைடு முடியும். மீதி நாற்பது பேர் எங்கே? வராதவர்கள் நன்றாக இருப்பதால் வரவில்லையா, பேருந்துக் காசு இல்லாமல் வரவில்லையா, இல்லை குழந்தையே இல்லையா? ஹெலிக்ஸின் எண்களை நான் நம்புவதற்கு முக்கியக் காரணம், ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அவர்கள் தேடிப் பிடித்துப் பார்த்ததுதான்.

எங்கள் பிரிவில் வியாழக்கிழமை மதியம் சிஸ்டர் ஒருவர் வராதவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு உட்காருவார். பாதி எண்கள் மாறியிருக்கும். சிலவற்றில் பக்கத்து வீட்டுக்காரர் எடுப்பார். போன மாதம் எட்டு முறை அடித்தும் எடுக்காத ஓர் எண்ணை ஒன்பதாவது முறை ஒரு பாட்டி எடுத்தார். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்களாம், பிள்ளையையும் அங்கேயே கூட்டிப் போய்விட்டார்களாம். உட்காருகிறானா என்று சிஸ்டர் கேட்டார். "உக்கார்றான் சாமி, ஆனா எடது கையை மட்டும் மடக்கியே வச்சிருக்கான்" என்றார் பாட்டி. சிஸ்டர் திருப்பூர் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, அங்கே வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று விசாரிக்க அடுத்த போனை எடுத்தார்.